வெற்றியை அளக்காம பந்தலைப் பிரிக்கக்கூடாது

நன்னிலத்துலேர்ந்து ஏழு கிலோமீட்டர் உள்ள போனா பூங்கால்வெளின்னு ஒரு ஊரு. அந்த ஊருல நெல்லு காயவைக்க ஒரே ஒரு சிமென்ட் களம். களத்தை ஒட்டி தகரக் கூரை போட்ட நெல் கொள்முதல் நிலையம். நெல்லுல ஈரம் பதினேழு சதம் இருந்தா வாங்குவாங்க. பதினேழரைன்னா வாங்க மாட்டாங்க. இந்த அரை சதத்துக்குள்ளதான் அந்த ஊரோட கல்யாணம், காதுகுத்து, கோபதாபம் எல்லாம் அடக்கம்.

இப்படிப்பட்ட ஊருல, சம்பா அறுப்பு முடிஞ்ச மாசி மாசத்துல, நெல் உலர்த்தல் மேம்பாட்டு அலுவலகம்னு ஒரு அலுவலகம் பெருவிழா எடுக்கறதா முடிவு பண்ணுச்சு. நோக்கம் உன்னதமானது. விவசாயப் பெருமக்களுக்கு நெல்லைக் காயவைக்கக் கத்துக்கொடுக்கறது. நடக்குற எடம் அந்தக் களம். ஏன்னா ஊருலயே சமதரையா இருக்கறது அது ஒண்ணுதான்.

அதனால, நெல் காயவைக்கும் பெருவிழா நடந்த வியாழக்கிழமை, பூங்கால்வெளியில ஒருத்தரும் நெல்லு காயவைக்கலை.

அருள்செல்வி களத்து ஓரமா தன் நெல்லுக் குவியல் மேலயே உக்காந்து விழாவைப் பார்த்தா. ஆறு மா நிலத்து நெல்லு, நூத்திப்பத்து மூட்டை தேறும். ஈரம் பத்தொன்பதுல நிக்குது. ரெண்டே ரெண்டு நாள் வெயில் கிடைச்சாப் போதும். போன குறுவையில இதே மாதிரி களம் கிடைக்காம, நெல்லு குவியல்லயே முளை விட்டு, கடைசியில வாத்து மேய்க்க வந்தவன் ஓட்டிக்கிட்டு வந்த வாத்துங்க தின்னுட்டுப் போச்சு. அந்த வாத்துங்க போறப்ப ஒரு நன்றிகூடச் சொல்லலை. இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த நடவுக்கு வயல்ல எறங்கவே அவளுக்குத் தெம்பு இருக்காது. வீட்டுக்காரன் குழந்தைராஜ் திருப்பூர்ல லாரி ஓட்டறான். தினமும் போன் பண்ணி, "நெல்லு ஏறிடுச்சா?"ன்னு கேக்கறான். டிவியில வேற, வங்கக்கடல்ல காத்தழுத்தம், செவ்வாய்க்கிழமை மழைன்னு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது.

மேடையில பெரிய எல்.இ.டி. திரை. வெயில்ல படம் சரியா தெரியலைன்னு, உதவி இயக்குநர் வைரக்கண்ணு சார் பந்தலை இன்னும் பத்தடி இழுத்துக் கட்டச் சொன்னாரு. அதாவது வெயிலோட அருமையைக் காட்டறதுக்காக வெயிலை மறைச்சாங்க. திரையில ஒரு சூரியன் வந்துச்சு. நல்ல சூரியன்தான், கலரும் நல்லா இருந்துச்சு. ஆனா அதுல நெல்லு காயாது.

விழா முடிஞ்சுது. மறுநாள் காலையில பந்தல்காரர் ஹாஜா மைதீன் பாய் ஆளுங்களோட வந்து முதல் கயித்துல கையை வச்சாரு. அப்ப ஜீப்புல வந்து எறங்கினாரு வைரக்கண்ணு சார்.

"பாய், கையை எடுங்க."

"எதுலேர்ந்து சார்?"

"கயித்துலேர்ந்து. பந்தலைப் பிரிக்கக்கூடாது."

"விழாதான் நேத்தே முடிஞ்சிடுச்சே சார்?"

"விழா முடிஞ்சிடுச்சு. வெற்றி முடியலை. வெற்றியை அளக்க சென்னையிலேர்ந்து மதிப்பீட்டு ஆலோசகர் வராங்க. அளக்கறதுக்கு முன்னாடி நீங்க பந்தலைப் பிரிச்சுட்டா, அவங்க வந்து எதை அளப்பாங்க? வெறும் தரையையா?"

பாய் தலையைச் சொறிஞ்சாரு. "சார், ஞாயித்துக்கிழமை எனக்கு அடியக்கமங்கலத்துல ஒரு நிக்காஹ் பந்தல் போடணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெயில்ல நிப்பாங்க."

"நிக்கட்டும். நேத்து என் தலைமையுரையைக் கேட்டிருந்தீங்கன்னா வெயில் எவ்வளவு நல்லதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அருள்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கிட்ட வந்தா. "சார், இந்த வெற்றி எங்க சார் இருக்கு? எந்த எடம்னு காட்டுங்க. பத்திரமா ஒரு ஓரமா எடுத்து வச்சுட்டு, மிச்ச எடத்துல நெல்லைப் பரப்பிக்கறேன்."

"அது அப்படி நகர்த்தற பொருள் இல்லம்மா. சம்பவ இடம் கலையாம இருக்கணும்."

"கொலையா சார் நடந்துச்சு?"

"இம்பாக்ட் நடந்திருக்கு," அப்படின்னாரு சார். சொல்லிட்டு அந்த வார்த்தைக்கு மரியாதையா ஒரு நிமிஷம் அமைதியா நின்னாரு.

வெள்ளிக்கிழமை பூரா வெயில் அடிச்சுது. ஊரு வயலு, வாய்க்கா, ஆட்டு முதுகு எல்லாத்து மேலயும் அடிச்சுது. களத்து மேல மட்டும் அடிக்கலை.

சனிக்கிழமை மதிப்பீட்டு ஆலோசகர் வந்தாங்க. பேரு சுடர்விழி. இருபத்தேழு வயசு இருக்கும். கதர்ச் சேலை, ஷூ, கையில ஒரு டேப்லெட். நல்ல பொண்ணு, மரியாதையான பொண்ணு. எல்லாரையும் 'அக்கா, அண்ணா'ன்னுதான் கூப்பிட்டுச்சு. அளக்கணும்னு ஆரம்பிச்சா மட்டும் தாட்சண்யம் கிடையாது.

முதல்ல தலை எண்ணிக்கை. "எத்தனை பேர் வந்தாங்க?"

"விவசாயிங்க நாப்பத்தோரு பேரு," அப்படின்னாரு வைரக்கண்ணு சார்.

"சாப்பாட்டுப் பொட்டலம்?"

"ஐநூறு. ஒண்ணுகூட மிஞ்சலை."

சுடர்விழி வகுத்துப் பார்த்துச்சு. "ஆளுக்குப் பன்னண்டு பொட்டலம். சூப்பர் சார். ஈடுபாடு ரொம்ப அதிகம்."

அடுத்தது மகிழ்ச்சிக் குறியீடு. விழா வீடியோவை டேப்லெட்டுல போட்டா, அதுவே எத்தனை மூஞ்சி சிரிக்குதுன்னு எண்ணிச் சொல்லுமாம். எண்ணுச்சு. தலைமையுரை ஆரம்பிச்சப்ப மகிழ்ச்சி நாலு சதம். மைக் கெட்டுப்போனப்ப எழுபது. உரை முடிஞ்சப்ப தொண்ணூத்தாறு.

"பார்த்தீங்களா," அப்படின்னாரு வைரக்கண்ணு சார் பூரிச்சுப்போயி, "நான் பேசப் பேச ஏறியிருக்கு."

அப்பறம்தான் அறிவு அளக்கற கட்டம் வந்துச்சு. அதுதான் முக்கியமாம். மக்கள் சிரிச்சாங்களா, தின்னாங்களாங்கறதெல்லாம் சும்மா பக்க மேளம். விழாவால அவங்களுக்கு அறிவு கூடுச்சான்னு காட்டணும். பத்து கேள்வி இருக்கற தாளை நாப்பத்தோரு பேருக்கும் கொடுத்தாங்க. நெல்லை எங்க காயவைப்பீங்க, எத்தனை தடவை கிளறுவீங்க, காஞ்சுடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க, இந்த மாதிரி. ஊரே பத்து நிமிஷத்துல எழுதிக் கொடுத்துடுச்சு. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து.

வைரக்கண்ணு சார் கையைத் தட்டிட்டாரு. "நூறு சதவீத வெற்றி! பாய், பந்தலைப் பிரிங்க!"

"இருங்க சார்," அப்படின்னுச்சு சுடர்விழி. "இது விழாவுக்குப் பின்னாடி இருக்கற அறிவு. விழாவுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு? பேஸ்லைன் எங்க?"

சார் மூஞ்சியில மின்சாரம் போன மாதிரி ஆச்சு. "அது... விழா வேலையில மறந்துட்டோம் மேடம்."

"பரவாயில்லை, இப்ப எடுத்துடலாம். அண்ணா, அக்கா எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. வியாழக்கிழமை விழாவுல கத்துக்கிட்டதை எல்லாம் தயவுசெஞ்சு மறந்துடுங்க. புதன்கிழமை உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சோ, அதை மட்டும் எழுதுங்க."

ஊரு மறுபடி எழுதுச்சு. மறுபடி எல்லாருக்கும் பத்துக்குப் பத்து.

சுடர்விழி டேப்லெட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "முன்னாடி பத்து. பின்னாடி பத்து. வித்தியாசம் பூஜ்யம். விழாவால ஒரு பயனும் இல்லைன்னு வருது சார்."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"வழிகாட்டு நெறிமுறை இருக்கே. பயன் பூஜ்யம்னு வந்தா அதே எடத்துல, அதே பந்தல்ல, பதினஞ்சு நாளுக்குள்ள விழாவைத் திரும்ப நடத்தணும். அது வரைக்கும் எடத்தை மாத்தக்கூடாது."

ஹாஜா மைதீன் பாய் அப்படியே ஒரு நாற்காலியில உக்காந்துட்டாரு. அருள்செல்விக்கு மனசுல வாத்துச் சத்தம் கேட்டுச்சு.

பதினஞ்சு நாளு! செவ்வாய்க்கிழமை மழை. அவ சட்டுன்னு எந்திரிச்சா.

"மேடம், என் தாளைத் திருப்பிக் கொடுங்க. புதன்கிழமை நான் எப்படி இருந்தேன்னு இப்பதான் ஞாபகம் வருது."

"என்னக்கா ஞாபகம் வருது?"

"எனக்கு ஒரு எழவும் தெரியாம இருந்துச்சு."

சுடர்விழி கண்ணு பளிச்சுன்னு ஆச்சு. "சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கறேன். நெல்லை எங்க காயவைப்பீங்க?"

"வாய்க்கால்ல."

"எத்தனை தடவை கிளறுவீங்க?"

"கிளறவே மாட்டேன். பாவம், அதுக்கு வலிக்கும்."

"காஞ்சுடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"அதுவா வந்து சொல்லும்னு ஒக்காந்திருப்பேன்."

"வெயில்னா என்ன?"

"கேள்விப்பட்டிருக்கேன். எங்க ஊருப் பக்கம் வந்தது இல்லை."

வைரக்கண்ணு சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இருபத்தாறு வருச சர்வீஸ்ல இப்படி ஒரு பயனாளியை அவரு பார்த்ததே இல்லை. "எழுதிக்கங்க மேடம், ஒரு வார்த்தை விடாம எழுதிக்கங்க," அப்படின்னு கெஞ்சினாரு.

அருள்செல்வி ஊரைத் திரும்பிப் பார்த்தா. "என்ன வேடிக்கை? களம் வேணுமா, கௌரவம் வேணுமா?"

ஊரு ஒரு நொடி யோசிச்சுது. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து தாளைக் கேட்டாங்க. நம்ம ஜனங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே. ஆபீஸ் தாளுன்னு ஒண்ணு வந்துட்டா, உள்ளது என்னன்னு எழுத மாட்டோம். அவங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுதுவோம். வெள்ளத்துக்கு வந்த தாளுல வெள்ளம், வறட்சிக்கு வந்த தாளுல வறட்சி. ஒரே வயலு, ஒரே வருசம். அந்தப் பழக்கத்துல ஆளாளுக்குத் தப்பா எழுதினாங்க. ஆனா நெல்லு விசயத்துல முழுசா தப்பா எழுத கை வரலை. ஒருத்தருக்கு ரெண்டு, ஒருத்தருக்கு மூணுன்னு உண்மை சிந்திப்போச்சு. அருள்செல்வி ஒருத்திக்குத்தான் சுத்தமான பூஜ்யம்.

ஒரே ஒரு ஆளு மட்டும் தாளையே தொடலை. அருள்செல்வியோட கொழுந்தன் ரெமிஜியஸ். அண்ணி நிலத்துக்கு அடுத்த நிலம் அவனுது.

"நீங்களும் எழுதுங்க தம்பி," அப்படின்னா அருள்செல்வி.

"முடியாது அண்ணி. எனக்கு நெல்லு காயவைக்கத் தெரியாதுன்னு நானே கையெழுத்துப் போட்டா, மாமனார் வீட்டுல என்னை உக்கார வச்சுச் சோறு போடுவாங்களா?"

"சரி, ஒரு ஆளுதானே," அப்படின்னு அவனை விட்டுட்டாங்க. அவனுக்கு முன்னாடியும் பத்து, பின்னாடியும் பத்து.

சுடர்விழி கணக்குப் போட ஆரம்பிச்சுச்சு. அருள்செல்வி பேரு வந்ததும் டேப்லெட் நின்னுபோச்சு. பூஜ்யத்துலேர்ந்து பத்துன்னா எத்தனை மடங்கு வளர்ச்சின்னு அதுக்குச் சொல்லத் தெரியலை. பூஜ்யத்தால வகுக்க முடியாதாம்.

"அப்ப என்ன மேடம் போடறது?" அப்படின்னு பயந்துபோய்க் கேட்டாரு சார்.

"எல்லையில்லாத வெற்றின்னுதான் சார் போடணும்."

சாயங்காலம் மூணு மணிக்குப் பந்தலைப் பிரிச்சாங்க. பாய் கடைசிக் கம்பைப் பிடுங்கிட்டு அருள்செல்வியைப் பார்த்துக் கும்பிட்டாரு. "தங்கச்சி, உன் புத்திசாலித்தனத்தைச் சொல்றதா, முட்டாள்தனத்தைச் சொல்றதான்னே தெரியலை. எதுவோ, அல்லா உனக்கு நிறையக் கொடுத்திருக்கான்."

ஞாயித்துக்கிழமை அவ மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகலை. சாமியார் கேட்டா, களத்துலயே முட்டி போட்டேன்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டா. ரெண்டு நாளு கால் வலிக்க வலிக்க நெல்லுக்குள்ள நடந்து நடந்து கிளறினா. திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல வச்சுக் கடிச்சா. 'டக்'குனு ஒடைஞ்சுது. அந்தச் சத்தத்துக்கு ஈடா இந்த டெல்டாவுல ஒரு சங்கீதமும் கிடையாது. நிலையத்து பில் கிளார்க் இளம்பரிதி மெஷின்ல போட்டுப் பார்த்தான். பதினாறு புள்ளி ரெண்டு.

"பிரமாதம்க்கா. உங்க டோக்கன் இருபத்துமூணு. நாளைக்கு முதல் பத்துக் குவியல், நாளன்னிக்கு அடுத்த பத்து. நீங்க வியாழக்கிழமை வந்துடுங்க."

"வியாழக்கிழமையா? நாளைக்கே மழைங்கறாங்களே தம்பி!"

"ஒரு நாளைக்குப் பத்துக் குவியல்தான்க்கா தூக்க முடியும். வேணும்னா நல்லா மூடி வைங்க."

செவ்வாய்க்கிழமை காலையில நாப்பத்தோரு குவியலும் களத்துல வரிசையா நின்னுச்சு. கெழக்கால வானம் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்துக்கிட்டு வந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஜீப்பு வந்துச்சு. வைரக்கண்ணு சார் கையில ஒரு பட்டியல். பின்னாடியே சுடர்விழி.

"இளம்பரிதி! டோக்கன் வரிசை ரத்து. நம்ம விழாவோட வெற்றி கொள்முதல்லயும் தெரியணும்னு மேலிடத்து உத்தரவு. விழாவால யாரு அதிகமா முன்னேறினாங்களோ, அவங்க நெல்லைத்தான் முதல்ல வாங்கணும். முதல் பேரு, அருள்செல்வி!"

அருள்செல்விக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, "மூட்டை பிடிங்கப்பா," அப்படின்னு ஆளைக் கூப்பிட்டா.

விட்டுடுவாங்களா?

"ஒரு நிமிஷம் சார்," அப்படின்னு முன்னாடி வந்தாங்க ரஹ்மத் பீவி. அவங்க டோக்கன் ஒண்ணு. "இந்தப் பொண்ணு பிளஸ் டூ படிச்சிருக்கு. இதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக்கிட்டிருக்கீங்க. நாங்க பரம்பரை பரம்பரையா ஒண்ணும் தெரியாத குடும்பம் சார். எங்களுக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. இது அடுக்குமா?"

"நான் அஞ்சாங்கிளாஸே மூணு தடவை சார்!" அப்படின்னு ஆண்டனி நெஞ்சைத் தட்டினாரு. "என்னைத் தாண்டி இந்தப் பொண்ணு முட்டாளா? சான்றிதழ் இருக்கு, எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"நீங்க எல்லாம் படிச்சுத்தான் முட்டாளு. நான் பொறவியிலேயே," அப்படின்னா அருள்செல்வி விட்டுக்கொடுக்காம.

ஆளாளுக்குத் தன் அறியாமையைச் சொல்லிச் சண்டை. மறுமதிப்பீடு வேணும்னு கூச்சல். சுடர்விழி நியாயமான பொண்ணு. மறுபடி தாளு கொடுத்துச்சு. இந்தத் தடவை ஊரு உஷாராயிடுச்சு. ஒருத்தரும் ஒரு எழுத்துகூட எழுதலை, வெள்ளைத் தாளை அப்படியே நீட்டினாங்க. ஆண்டனி மட்டும் பழக்க தோஷத்துல பேரை எழுதிட்டாரு. பேரு சரியா இருந்ததால அவருக்கு ஒரு மார்க். நாப்பதாவது எடத்துக்குப் போயிட்டாரு. பழைய பத்து மார்க்கோட ரெமிஜியஸ் நாப்பத்தொண்ணு. மிச்சம் முப்பத்தொன்பது பேரும் பூஜ்யம்.

"எல்லாரும் சமம்னா யாரை முதல்ல கூப்பிடறது மேடம்?" அப்படின்னு கேட்டான் இளம்பரிதி, வானத்தைப் பார்த்துக்கிட்டே.

"நேரடிக் கள ஆய்வு பண்ணிடலாம்," அப்படின்னுச்சு சுடர்விழி. "எல்லாரும் தார்ப்பாயை எடுத்துட்டு அவங்கவங்க குவியல் பக்கத்துல நில்லுங்க. விழாவுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ, அப்படியே அஞ்சு நிமிஷம் இருங்க. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். நெல்லைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டா, எடம் கீழ போயிடும்."

ஆபீசருங்க எல்லாம் தகரக் கூரைக்குக் கீழ போய் நின்னுக்கிட்டாங்க. டைம் ஆரம்பிச்சுது.

முதல் துளி அருள்செல்வி மூக்கு மேல விழுந்துச்சு.

அவ அசையலை. பக்கத்துக் குவியலைப் பார்த்தா. ரஹ்மத் பீவியும் அசையலை, அவங்க இவளைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாவது துளி, மூணாவது துளி, அப்பறம் எண்ண முடியலை. நாப்பது பேரு கக்கத்துல தார்ப்பாயை வச்சுக்கிட்டு, மழையை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கற மாதிரி நின்னாங்க. ஒருத்தர் வாயைப் பொளந்து, "அட, மேலேர்ந்து என்னமோ விழுதே!" அப்படின்னுகூடச் சொன்னாரு. சுடர்விழி அவருக்கு ஏதோ நல்லதா குறிச்சுக்கிச்சு. ஒடனே இன்னும் நாலு பேரு அதையே சொன்னாங்க.

எவளாச்சும் ஒருத்தி, எவனாச்சும் ஒருத்தன் தார்ப்பாயை விரிச்சுத் தொலைச்சா, அடுத்த நொடி நாமளும் விரிச்சுடலாம்னு அருள்செல்வி காத்துக்கிட்டு இருந்தா. நாப்பது பேரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. குவியல் உச்சியில மழைத்துளி குழி பறிக்கறது அவ கண்ணுக்கு நேராத் தெரியுது. தார்ப்பாயைக் கக்கத்துல இன்னும் இறுக்கிக்கிட்டா.

ரெமிஜியஸ் மட்டும், என்னைக்கும் மழை வந்தா என்ன செய்வானோ அதைச் செஞ்சான். கடைசி எடத்துக்காரன், அவனுக்கு எறங்க இன்னும் படி ஏது? தார்ப்பாயை உதறிப் போட்டு, நாலு மூலையிலயும் கல்லு வச்சான். வச்சுட்டு அண்ணியைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணி! எதுக்கு நிக்கறீங்க? அந்த முனையைக் கொடுங்க, நான் பிடிக்கறேன்!"

சுடர்விழி திரும்பி அருள்செல்வியைப் பார்த்துச்சு. வைரக்கண்ணு சார் பார்த்தாரு. முப்பத்தொன்பது பேரும், இவ விழுந்தா ஒரு எடம் காலியாகும்னு ஆசையா பார்த்தாங்க.

அருள்செல்வி கக்கத்துல இருந்ததை எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தா.

"இது என்ன தம்பி?" அப்படின்னா. "போர்வையா?"

"அபாரம்!" அப்படின்னு கூரைக்குக் கீழேர்ந்து ஒரு குரல் வந்துச்சு.

அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும், நாப்பது தார்ப்பாயும் ஒரே நேரத்துல பறந்து விரிஞ்சுது. அப்படி ஒரு ஒத்துமையை அந்த ஊரு பார்த்ததே இல்லை. ஒடனே மழையும் நின்னுபோச்சு. அதுக்கும் வேற ஊருல ஆய்வு இருந்திருக்கும்.

அருள்செல்விக்கு முதல் எடம், சந்தேகமே இல்லாம. இளம்பரிதி அவ குவியல்லேர்ந்து ஒரு கைப்பிடி எடுத்து மெஷின்ல போட்டான். இருபத்துநாலு.

"எடுக்க முடியாதுக்கா."

"தம்பி, நான் முதல் எடம்..."

"எடம் முதல்தான்க்கா. ஈரமும் முதலா இருக்கே."

ரெண்டாவது ஆளு இருபத்துமூணு. மூணாவது ஆளு இருபத்துமூணரை. நாப்பது குவியலும் திரும்பிப்போச்சு. கடைசியா ரெமிஜியஸ். பதினாறு. இளம்பரிதி மூஞ்சியில அன்னிக்கு முதல் தடவையா சிரிப்பு வந்துச்சு. "அண்ணே, மூட்டை பிடிங்க, தூக்கிடலாம்."

"நில்லுங்க," அப்படின்னாரு வைரக்கண்ணு சார். "இவரு யாரு? நம்ம விழாவால ஒரு துளிகூடப் பயனடையாதவரு. பயனடைஞ்ச நாப்பது பேரோட நெல்லைத் திருப்பி அனுப்பிட்டு, பயனடையாத ஒருத்தரோட நெல்லை வாங்கினோம்னு வைங்க, அறிக்கையில எப்படி இருக்கும்? விழாவுக்கு வராம இருந்திருந்தாலே நல்லதுங்கற மாதிரி ஆயிடும்ல?"

"ஆமா, அது தப்புதான் சார்," அப்படின்னாங்க ரஹ்மத் பீவி.

"ரொம்பத் தப்பு," அப்படின்னாரு ஆண்டனி.

ஈர நெல்லு பக்கத்துல நின்னுக்கிட்டு நாப்பது பேரும் தலையாட்டினாங்க. அருள்செல்வியும் ஆட்டினா. ஆட்டினதுக்கப்பறம்தான் யாரோட நெல்லுன்னு அவளுக்கு ஒறைச்சுது. அதுக்குள்ள ரெமிஜியஸோட மூட்டையை எல்லாம் எறக்கி வச்சுட்டாங்க.

மேகம் கலைஞ்சு வெயில் எட்டிப் பார்த்துச்சு. நல்ல வெயில், சுள்ளுன்னு. ஈர நெல்லுலேர்ந்து ஆவி எழும்புது. இப்ப பரப்பினா ரெண்டு நாளுல காஞ்சுடும், களம் மட்டும் காலியா இருந்தா.

"கடைசி ஒரே ஒரு கேள்விதான், அப்பறம் நான் கிளம்பிடறேன்," அப்படின்னுச்சு சுடர்விழி, டேப்லெட்டைத் தொடைச்சுக்கிட்டே. "இந்த ஊருக்கு நெல் உலர்த்தல் விழா இதே களத்துல மறுபடி தேவையா? தேவைன்னு நினைக்கறவங்க கை தூக்கலாம். தேவைப்படறவங்களுக்கு அடுத்த கொள்முதல்ல முன்னுரிமை உண்டு."

ரஹ்மத் பீவி கை மேல போச்சு. ஆண்டனி ரெண்டு கையையும் தூக்கினாரு. அப்பறம் களமே ஒரு கரும்புக் கொல்லை மாதிரி ஆயிடுச்சு.

"அண்ணி," அப்படின்னு ரெமிஜியஸ் கிட்ட வந்து அடிக்குரல்ல சொன்னான், "உங்களுக்கு என்ன பைத்தியமா? கையை எறக்குங்க. வெயில் போகுது. வாங்க, நெல்லைப் பரப்பலாம்."

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி," அப்படின்னா அருள்செல்வி, குதிகாலைத் தூக்கிக் கையை இன்னும் ஒசத்திக்கிட்டே. "எண்ணிக்கிட்டு இருக்காங்க."